அவதானம் குறைகின்றதா? - குறுங்காணொளிகளும் புராணபடன மரபும்

ஈழத்திருநாட்டின் சிரசாக விளங்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் சைவ ஆலயங்கள் வழிபாட்டிடங்களாக மட்டும் இருந்ததில்லை. அவை ஊர் மக்களின் பள்ளிக்கூடங்களாகவும் விளங்கி வந்துள்ளன. எழுத்தறியாத பாட்டியும், வயலால் வந்து கால்முகம் கழுவிய கமக்காரரும், தாயின் மடியில் பாதித் தூக்கத்திலிருந்த பிள்ளையும் ஒரே மண்டபத்தில் அமர்ந்து பெருங்காவியங்களைக் கேட்டனர். ஏட்டுக் கல்வி பெறாத பலர் சூரபன்மனின் வரலாற்றையும் நாயன்மார் சரிதங்களையும் ஒழுங்கு பிசகாமல் எடுத்துச் சொல்லக்கூடியவராக இருந்தமைக்கு இதுவே காரணமாகும்.

இன்று அதே வயதுப் பிள்ளையின் கையில் கைத்தொலைபேசி இருக்கின்றது. அதில் அரை நிமிடத்திற்கு ஒரு காட்சி மாறிக்கொண்டேயிருக்கின்றது. "பிள்ளைகள் ஒரு இடத்தில் இருந்து ஒன்றைக் கேட்கிறார்களில்லை" என்ற கவலை வீட்டிலும் பாடசாலையிலும் ஆலயத்திலும் ஒருங்கே கேட்கின்றது. இக்கவலை நியாயமானதா? மனிதரின் அவதானம் உண்மையிலேயே குறைந்து வருகின்றதா? அவ்வாறாயின் அதற்குக் குறுங்காணொளிகள்தாம் காரணமா? இவ்வினாக்களைப் புராணபடன மரபோடு சேர்த்து நோக்குதல் பயனுடையதாகும்.

புராணபடனம் என்னும் பயிற்சி

யாழ்ப்பாணத்து ஆலயங்களில் கந்தபுராணமும் பெரியபுராணமும் திருவிளையாடற் புராணமும் நெடுங்காலமாகப் படிக்கப்பட்டு வருகின்றன. மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் திருவாதவூரடிகள் புராணமும், பிள்ளையார் பெருங்கதை விரதத்தின் 21 நாட்களில் சுன்னாகம் வரதபண்டிதர் இயற்றிய பிள்ளையார் கதையும், சித்திராபூரணையன்று சித்திரபுத்திரனார் கதையும் படிக்கப்படுவது வழக்கம். ஆண்டின் ஒவ்வொரு பருவத்திற்கும் உரிய ஒரு நூல் இவ்வாறு அமைந்திருக்கின்றது.

இவற்றுள் தலையாயது கந்தபுராணம். காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாசாரியர் அருளிய இந்நூல் 6 காண்டங்களும் 10,345 பாடல்களும் கொண்டது. நாளொன்றுக்கு 100 பாடல்கள் படித்தாலும் முடிப்பதற்கு 103 நாட்களுக்கு மேல் செல்லும். பொருள் விரித்து உரைத்தால் மாதங்கள் பல ஆகும். இவ்வளவு நீண்ட நூலை ஆண்டுதோறும் கேட்டு வந்தமையாலேயே யாழ்ப்பாணத்தின் வாழ்வு முறையைக் கந்தபுராண கலாசாரம் என்ற பெயரால் இலக்கிய கலாநிதி பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை (1899 - 1986) சுட்டினார்.

புராணபடனம் நிகழும் முறை கவனிக்கத்தக்கது. ஒருவர் பாடலை இராகத்தோடு படிப்பார். மற்றொருவர் அதற்குப் பயன் சொல்வார். படிப்பவர் பாடலை நிறுத்தியதற்கும் பயன் சொல்பவர் வாய் திறப்பதற்கும் இடையில் ஒரு சிறு மௌனம் உண்டு. அந்த மௌனத்திலே கேட்பவர் தாமாகவே பொருளைத் தேடுகின்றார். சொற்கள் சில விளங்கியிருக்கும், சில விளங்கியிரா. பயன் சொல்பவர் கூறியதும், தாம் எண்ணியது சரியோ பிழையோ என்று மனம் ஒப்பிட்டுப் பார்க்கும். அடுத்த பாடலுக்குச் செவி தயாராகும்.

அன்றைய படிப்பு ஒரு கட்டத்தில் நிறுத்தப்படும். வீரவாகுதேவர் மகேந்திரபுரிக்குத் தூது செல்லப் புறப்பட்ட இடத்தில் நூல் மூடப்படுமாயின், மறுநாள் மாலை வரை அந்தக் கதை கேட்டவர் நெஞ்சில் நிற்க வேண்டும். கிணற்றடியிலும் அடுப்படியிலும் அதைப்பற்றிய பேச்சு நடக்கும். எனவே புராணபடனம் என்பது மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் நிகழ்வதன்று. அது நாள் முழுவதும் மனத்தினுள் தொடர்ந்து நிகழ்வதாகும்.

31.12.1847 அன்று வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் ஆலயத்தில் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் தமது முதலாவது பிரசங்கத்தை நிகழ்த்தினார். வெள்ளிக்கிழமை தோறும் அப்பிரசங்கங்கள் தொடர்ந்தன. இருந்து கேட்கும் பழக்கம் ஏற்கனவே வேரூன்றியிருந்த மக்கள் முன்னிலையில் அவை நிகழ்ந்தன என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

குறுங்காணொளிகளின் வருகை

குறுங்காணொளி என்பது சில விநாடிகள் தொடக்கம் ஓரிரு நிமிடங்கள் வரை ஓடும் காட்சித் துண்டு. 2013ஆம் ஆண்டில் வைன் என்னும் செயலி 6 விநாடிக் காட்சிகளுடன் வெளிவந்தது. அது நெடுங்காலம் நிலைக்கவில்லை. 2016இல் சீனாவில் டொயின் என்ற பெயரில் தொடங்கப்பட்ட செயலி, மறு ஆண்டில் ரிக்ரொக் என்ற பெயருடன் பிற நாடுகளுக்கு வந்தது. அதன் வெற்றியைக் கண்டு இன்ஸ்ரகிராம் நிறுவனம் 2020 ஓகஸ்ட் மாதத்தில் ரீல்ஸ் என்பதனையும், யூரியூப் நிறுவனம் அதே ஆண்டு செப்ரெம்பரில் முதலில் இந்தியாவிலும் 2021இல் உலகெங்கும் ஷோர்ட்ஸ் என்பதனையும் அறிமுகம் செய்தன. 2020 ஜூன் மாதம் இந்தியா ரிக்ரொக்கைத் தடைசெய்தது. இலங்கையில் அத்தகைய தடை விதிக்கப்படவில்லை.

இவை பரவிய காலமும் ஒரு காரணமாயிற்று. 2020 மார்ச்சில் கொவிட்-19 பெருந்தொற்றுக் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் சூம் வழியாகவும் வட்ஸ்அப் வழியாகவும் நடைபெற்றன. அதுவரை பிள்ளையிடம் தொலைபேசி கொடுக்காத பெற்றோரும் படிப்புக்காக அதை வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று. வெளிநாட்டில் இருந்த உறவினர் சிலர் தாம் பாவித்ததை அனுப்பி உதவினர். 2022இல் எரிபொருள் நெருக்கடியின்போதும் நிகழ்நிலை வகுப்புகள் மீண்டும் நடைபெற்றன. பாடசாலைகள் திறந்தன. ஆனால் தொலைபேசி பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. ஆகவே பிள்ளைகள் தாமாகத் தேடிப் பெற்ற பழக்கம் இது என்று கூறுதல் பொருந்தாது. பெரியவர்கள் கையில் கொடுத்த பொருளின் பின்னால் வந்த பழக்கம் இது.

அது இயங்கும் விதம்

தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி பார்ப்பவர் இன்னதைப் பார்ப்பது என்று தெரிவு செய்கின்றார். குறுங்காணொளியிலோ தெரிவு செய்ய வேண்டியதில்லை. செயலியைத் திறந்தவுடன் காட்சி தானாகவே ஓடும். விரலால் மேலே தள்ளினால் அடுத்தது வரும். பார்ப்பவர் எந்தக் காட்சியில் எத்தனை விநாடி தரித்தார், எதை மீண்டும் பார்த்தார், எதைப் பாதியில் தள்ளினார் என்பவற்றையெல்லாம் கணனி கணக்கிட்டுக்கொள்ளும். அதற்கேற்ப அடுத்து வருவதைத் தெரிவு செய்யும். இடையிடையே வரும் விளம்பரங்களே அந்நிறுவனங்களின் வருமானம். ஒருவர் எவ்வளவு நேரம் திரையோடு இருக்கின்றாரோ அவ்வளவுக்கு வருமானம் பெருகும்.

அடுத்து வருவது நல்லதாகவும் இருக்கலாம், சாரமற்றதாகவும் இருக்கலாம். இந்த நிச்சயமின்மையே மனத்தைக் கட்டிப்போடுகின்றது. அமெரிக்க உளவியலாளர் பி. எவ். ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் கொண்டு செய்த பரிசோதனைகளில், ஒவ்வொரு முறையும் உணவு கிடைப்பதைவிட எப்போது கிடைக்கும் என்று தெரியாதபோதே அவை விடாமல் முயன்றதைக் கண்டறிந்தார். லொத்தர்ச் சீட்டைச் சுரண்டுபவரின் மனநிலையும் இதுவே. இந்த முறை இல்லாவிட்டால் அடுத்த முறை என்று கை தானாகவே நீளுகின்றது.

இங்கு மற்றொன்றும் உண்டு. கதைக்கு முடிவு உண்டு. திருவிழாவிற்குக் கொடியேற்றம் இருப்பதுபோலக் கொடியிறக்கமும் உண்டு. நல்லூர்க் கந்தனின் பெருந்திருவிழா 25 நாட்கள் நடந்தாலும் தேரும் தீர்த்தமும் கண்டு அடியார் மன நிறைவுடன் வீடு திரும்புவர். குறுங்காணொளித் தொடருக்கோ முடிவு என்பதே கிடையாது. "போதும்" என்று சொல்லும் இடம் ஒன்று அதில் வைக்கப்படவில்லை. பார்ப்பவர் நிறைவினால் எழுந்து போவதில்லை. கண் களைத்தோ மின்கலம் இறங்கியோதான் எழும்புகின்றார்.

ஆய்வுகள் கூறுவன

மனிதரின் அவதானம் 12 விநாடியிலிருந்து 8 விநாடியாகக் குறைந்துவிட்டது, அது தங்க மீனின் அவதானத்திலும் குறைவு என்ற செய்தி உலகெங்கும் பரவியுள்ளது. மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் கனடாக் கிளை 2015இல் வெளியிட்ட அறிக்கையில் அது இடம்பெற்றிருந்தது. அதன் மூலத்தைத் தேடி 2017இல் பி.பி.சி. மேற்கொண்ட முயற்சியில் அதற்கு ஆதாரமான விஞ்ஞான ஆய்வு எதுவும் அகப்படவில்லை. மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் இக்கூற்றை அடியார்கள் நம்ப வேண்டியதில்லை.

நம்பத்தக்க ஆய்வுகளும் உள்ளன. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் குளோரியா மார்க், கணனியில் வேலை செய்பவர்கள் ஒரு திரையில் எவ்வளவு நேரம் தரிக்கின்றனர் என்று அளந்து வந்தார். 2004 அளவில் அது சராசரியாக இரண்டரை நிமிடமாக இருந்தது. 2012இல் 75 விநாடியாயிற்று. பின்னைய ஆண்டுகளில் 47 விநாடி அளவிற்கு இறங்கியது. அவ்வாறாயின் மூளையின் ஆற்றல் தேய்ந்துவிட்டதா? வியன்னாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டுகின்றது. 1990 முதல் 2021 வரை 32 நாடுகளில் நடத்தப்பட்ட அவதானச் சோதனை முடிவுகளை அவர்கள் ஒன்றுசேர்த்துப் பார்த்தனர். வளர்ந்தோரின் ஒருமுகப்பாடு குறையவில்லை, சற்றுக் கூடியே இருந்தது. பிள்ளைகளோ முன்னரைவிட விரைவாகச் செய்தனர். ஆனால் பிழைகள் அதிகரித்திருந்தன.

இவ்விரண்டையும் சேர்த்து நோக்கும்போது ஒன்று தெளிவாகின்றது. அவதானிக்கும் ஆற்றல் மனிதரிடம் இருக்கின்றது. மாறியிருப்பது பழக்கமே. சோதனை என்று இருத்தினால் ஒன்றில் நிற்கக்கூடிய மனம், தன்னிச்சையாக விட்டால் நிற்பதில்லை. பிள்ளைகளிடத்தில் வேகம் கூடி நிதானம் குறைந்துள்ளது.

குறுங்காணொளி பற்றி நேரடியாகச் செய்யப்பட்ட ஆய்வுகளில் இரண்டினைக் குறிப்பிடலாம். ஜேர்மனியின் மியூனிக் நகரில் 60 பேரைக் கொண்டு செய்யப்பட்டு 2023இல் வெளிவந்த ஆய்வில், ஒரு வேலையின் நடுவே சிறு இடைவேளை கொடுக்கப்பட்டது. அந்த இடைவேளையில் ரிக்ரொக் பார்த்தவர்கள், திரும்பி வந்தபின் தாம் செய்ய நினைத்திருந்ததை நிறைவேற்றத் தவறினர். மற்றையோரிடம் அவ்வளவு தடுமாற்றம் காணப்படவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தவர் பால் பொங்கி வழிந்தபின் ஓடிவருவது இதற்கு நல்ல உதாரணமாகும்.

மற்றையது யாழ்ப்பாணத்தவர் பலர் குடியேறி வாழும் ஸ்காபரோவில் அமைந்துள்ள ரொறன்ரோப் பல்கலைக்கழக வளாகத்தில் செய்யப்பட்டு 2024இல் வெளிவந்தது. 1,200 பேருக்கு மேல் இதிற் பங்குபற்றினர். சலிப்பைப் போக்குவதற்காகக் காணொளிகளை மாற்றி மாற்றிப் பார்த்தவர்களுக்குச் சலிப்புக் குறையவில்லை, கூடியது. மாற்றாமல் ஒன்றையே இருந்து பார்த்தவர்கள் அதில் கூடிய நிறைவு பெற்றனர். சலிப்புக்கு மருந்தென்று எடுப்பதே சலிப்பை வளர்க்கின்றது என்பது இதனாற் பெறப்படும் உண்மையாகும்.

அக்காலமும் குறையற்ற காலமன்று

முன்னைய தலைமுறையினர் எல்லோரும் ஒருமுகப்பட்ட உள்ளத்தினர் என்று கூறுதலும் தகாது. விடிய விடிய இராமர் கதை கேட்டுவிட்டு, விடிந்தபின் சீதைக்கு இராமர் என்ன முறை என்று வினவியவரைப் பற்றிய பழமொழி தொலைபேசி தோன்றுவதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே பிறந்தது. புராணம் படிக்கும்போது தூணில் சாய்ந்து உறங்கியவர்களும், ஊர்ப்புதினம் பேசியவர்களும் அன்றும் இருந்தனர்.

மேலும், அக்காலத்தில் மாலைப்பொழுதைக் கழிப்பதற்கு ஆலயத்தைவிட வேறிடம் அதிகம் இருந்ததில்லை. 1990ஆம் ஆண்டு முதல் பல ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. மண்ணெண்ணெய் தட்டுப்பாடான அந்நாட்களில் ஜாம் போத்தல் விளக்கின் சிறு சுடரில் மாணவர்கள் படித்தனர். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டனர். அந்த வெளிச்சத்தில் படித்துப் பல்கலைக்கழகம் புகுந்தோர் பலர். அவர்களின் ஊக்கம் போற்றத்தக்கது. எனினும் அந்த ஒருமுகப்பாட்டில் ஒரு பங்கு பயிற்சியால் வந்தது, மற்றப் பங்கு மனத்தை இழுக்க வேறெதுவும் இல்லாமையால் வந்தது. சுற்றிவர ஆயிரம் இழுப்புகள் உள்ள இக்காலத்துப் பிள்ளை அரை மணி நேரம் ஒரு நூலோடு இருந்தால், அது அன்றைய மூன்று மணி நேரத்திற்கு ஒப்பான முயற்சி எனலாம்.

புராணபடனம் தளர்ந்தமைக்கும் குறுங்காணொளியை மட்டும் குற்றஞ்சாட்ட முடியாது. 1995ஆம் ஆண்டின் வலிகாமப் பெரும் இடப்பெயர்வில் ஊர்கள் முழுமையாக எழும்பிச் சென்றபோது பல ஆலயங்களின் படிப்பு ஒழுங்கு குலைந்தது. படிக்கக்கூடியவர்களும் பயன் சொல்லக்கூடியவர்களும் கொழும்புக்கும் கடல் கடந்தும் சென்றனர். மாலை நேரத்தை ரியூசன் வகுப்புகள் எடுத்துக்கொண்டன. இரவைத் தொலைக்காட்சித் தொடர்கள் எடுத்துக்கொண்டன. எஞ்சியிருந்த சில நிமிடங்களையே குறுங்காணொளி இப்போது எடுத்துக்கொள்கின்றது. படிப்பு செவ்வனே தொடரும் ஆலயங்கள் இன்றும் உள்ளன. வேறு சிலவற்றில் பயன் சொல்வாரின்றிப் பாடல் மட்டும் படித்து நிறைவு செய்யப்படுகின்றது.

குறுமை குற்றமன்று

நீண்டதெல்லாம் நல்லது, குறுகியதெல்லாம் தீயது என்று கொள்வதற்கு இடமில்லை. தமிழர் குறுகிய வடிவத்தை மிகவும் போற்றியவர்கள். திருக்குறள் ஏழே சீர்களில் அமைந்தது. ஒளவையாரின் ஆத்திசூடி அதனிலும் குறுகியது. புராணங்களை விரித்துப் பிரசங்கித்த நாவலர் பெருமானே பிள்ளைகளுக்காகப் பாலபாடங்களையும் சைவ வினாவிடையையும் எழுதினார். ஒரு வினா, அதற்குச் சுருக்கமான ஒரு விடை என்று அமைந்த நூல் அது. அதனை ஓதியே யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் சமய அறிவைத் தொடங்கினர்.

ஆயின் இவற்றுக்கும் குறுங்காணொளிக்கும் என்ன வேறுபாடு? குறள் குறுகியது. ஆனால் படித்தவரை அங்கேயே நிறுத்தும். ஏழு சீர்களை விளங்கிக்கொள்ள ஏழு நாட்களும் ஆகலாம். குறுங்காணொளியோ குறுகியதாக இருந்து, படித்தவரை உடனே அடுத்ததற்குத் தள்ளும். ஒன்று விதைபோலச் சிறியது. மற்றையது பொரிபோலச் சிறியது. விதை மண்ணில் இருந்தால் முளைக்கும். பொரி எவ்வளவு தின்றாலும் வயிறு நிறையாது.

அவதானம் என்ற சொல்லும் இங்கு நினைக்கத்தக்கது. யாழ்ப்பாணம் மேலைப்புலோலியைச் சேர்ந்த நா. கதிரைவேற்பிள்ளை (மறைவு 1907) சதாவதானி என்று போற்றப்பட்டவர். தமிழகராதி தந்தவர். தமிழ்நாட்டில் திரு.வி.க.வின் ஆசிரியராகவும் விளங்கியவர். அவதானம் செய்பவரைச் சூழ்ந்து ஒருவர் பாடல் கேட்பார், ஒருவர் கணக்குக் கொடுப்பார், ஒருவர் மணியடிப்பார், ஒருவர் பூவோ கல்லோ முதுகில் எறிவார். அத்தனையையும் மனத்தில் வைத்திருந்து ஈற்றில் ஒவ்வொன்றுக்கும் பிழையின்றி அவர் விடை கூறவேண்டும். ஒருவர் முன்னால் பலவும் வந்து குறுக்கிடுவது அன்றும் இருந்தது. அவதானி பலவற்றையும் பிடித்து வைத்தார். திரையைத் தள்ளுபவர் நூறு காட்சியைக் கண்டபின் எதுவும் கையில் இல்லாமல் எழும்புகின்றார். பத்து நிமிடத்திற்கு முன் பார்த்தது என்ன என்று ஒருவரிடம் வினவினால் இது இலகுவில் விளங்கும்.

கேட்டலும் சிந்தித்தலும்

ஞானம் கைகூடும் வழியைக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என நான்கு படிகளாகச் சைவசித்தாந்தம் வகுத்துள்ளது. கேட்டது தானே அறிவாகிவிடாது. கேட்டதைச் சிந்திக்க வேண்டும். சிந்தித்ததில் ஐயம் நீங்கித் தெளிவு பெற வேண்டும். தெளிந்ததில் நிலைத்து நிற்க வேண்டும். இந்த ஒழுங்கு சமய ஞானத்திற்கு மட்டுமன்றி எந்தக் கல்விக்கும் பொருந்துவதாகும். கணக்கைப் படிப்பிக்கும் ஆசிரியரும் இதனையே வேறு சொற்களாற் கூறுவார்.

கேட்டலுக்கும் சிந்தித்தலுக்கும் நடுவில் ஒரு இடைவெளி வேண்டும். புராணபடனத்தில் பாடலுக்கும் பயனுக்கும் இடையிலுள்ள மௌனம் அந்த இடைவெளியே. இன்றைய படிப்புக்கும் நாளைய படிப்புக்கும் இடையிலுள்ள இரவும் அந்த இடைவெளியே. குறுங்காணொளி அகற்றிவிட்டது அதனைத்தான். ஒன்று முடிந்த கணத்திலேயே அடுத்தது தொடங்கிவிடுவதால் கேட்டல் மட்டும் ஓயாமல் நிகழ்கின்றது. சிந்தித்தலுக்கு முறை வருவதேயில்லை. ஒரு நிமிடக் காட்சியில் நல்ல தேவாரமே ஒலித்தாலும், அதன் பொருள் மனத்தில் இறங்குமுன் யாரோ ஒருவரின் பகிடி வந்து அதனை மூடிவிடுகின்றது. பண்ணும் பகிடியும் ஒரே தட்டில் பரிமாறப்படுவதால் இரண்டுமே சுவையிழக்கின்றன.

ஆதலால் "அவதானம் குறைகின்றதா?" என்ற வினாவிற்கு விடை இதுவாகும்: அவதானிக்கும் ஆற்றல் அழியவில்லை, சிந்திப்பதற்குரிய இடைவெளியே குறைந்துள்ளது. அழிந்த பொருளை மீட்பது கடினம். குறைந்த இடைவெளியை மீண்டும் அமைத்துக்கொள்ளலாம்.

ஆலயமும் இல்லமும் செய்யக்கூடியவை

அரசுகள் தத்தம் வழியில் முயல்கின்றன. சீனாவில் 2021 செப்ரெம்பரில் 14 வயதிற்குட்பட்டோர் டொயின் பார்க்கும் நேரம் நாளொன்றுக்கு 40 நிமிடமாக வரையறுக்கப்பட்டது. அவுஸ்திரேலியாவில் 16 வயதிற்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டம் 2025 டிசெம்பர் 10ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. ஆனால் சட்டம் பிள்ளையின் கையிலிருந்து தொலைபேசியை எடுக்கலாமேயன்றி அந்த இடத்தில் எதையும் வைக்காது. அதனை வீடும் ஊரும்தான் செய்ய வேண்டும்.

முதலாவதாக, புராணபடனத்தில் இளையோரைக் கேட்பவராக மட்டும் இருத்தாமல் படிப்பவராக ஆக்கலாம். ஒரு மாலைக்குப் பத்துப் பாடல்கள் போதும். முதல் நாளே பாடலைக் கொடுத்து, சொற்பிரித்துப் பழக்கி, மறுநாள் சபையில் படிக்க வைத்தால் அந்தப் பத்துப் பாடல்களும் பிள்ளைக்கு உரியனவாகிவிடும். தன் முறை வரும்வரை மற்றவரின் படிப்பையும் அது உன்னிப்பாகக் கேட்கும். பங்கு உள்ள இடத்தில் அவதானம் தானாக வரும்.

இரண்டாவதாக, பயன் சொல்லும் முதியவர்களின் அறிவு அடுத்தவருக்குக் கைமாற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அறநெறிப் பாடசாலையின் மேல் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு படலத்திற்காவது பயன் சொல்லும் பயிற்சி அளிக்கலாம். இருக்கும் முதியவர் இருக்கும்போதே இது செய்யப்படல் வேண்டும். நூல் அச்சில் இருக்கும். சொல்லும் முறை அச்சில் இல்லை.

மூன்றாவதாக, வீட்டில் விளக்கு வைக்கும் நேரத்தில் அரை மணி நேரம் தொலைபேசிகளை ஓரிடத்தில் வைத்துவிடலாம். இது பிள்ளைகளுக்கு மட்டும் விதிக்கப்படும் சட்டமாக இருத்தல் கூடாது. தந்தை திண்ணையிலும் தாய் அடுப்படியிலும் திரையைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது பிள்ளைக்குச் சொல்லும் புத்திமதி பயன் தராது.

நான்காவதாக, பிள்ளை பார்த்ததைப் பற்றி அதனிடமே வினவலாம். "இன்று பார்த்ததில் நல்லது எது? ஏன்?" என்ற ஒரு வினா போதும். அது கேட்டலைச் சிந்தித்தலுக்குக் கொண்டுவரும். வெறுத்துப் பேசினால் பிள்ளை மறைக்கும். விரும்பி வினவினால் பகிர்ந்துகொள்ளும்.

ஐந்தாவதாக, செயலிகளிலேயே உள்ள கட்டுப்பாடுகளைப் பெற்றோர் அறிந்துகொள்ளல் நன்று. 18 வயதிற்குட்பட்டோரின் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 60 நிமிட எல்லை வைக்கும் ஏற்பாட்டை 2023இல் ரிக்ரொக் நிறுவனம் அறிவித்தது. அதனைக் கடந்து செல்லவும் வழி இருப்பதால் பெற்றோரின் கண்காணிப்பு அவசியமாகின்றது. அறிவித்தல் ஒலிகளை நிறுத்தி வைத்தாலே கை தொலைபேசிக்குச் செல்வது ஓரளவு குறையும்.

ஆறாவதாக, ஆலய வளாகத்தில் ஓர் ஒழுங்கு வேண்டும். கனடாவிலும் இலண்டனிலும் சுவிற்சலாந்திலும் வாழும் ஊரவர் தேர்த்திருவிழாவை நேரலையில் கண்டு கண்ணீர் மல்கக் கைகூப்புகின்றனர். இது இக்காலத் தொழில்நுட்பம் தந்த பெரும் பேறு. அதற்கென ஒருவரோ இருவரோ நியமிக்கப்பட்டால் போதும். வசந்தமண்டபப் பூசையில் தீபாராதனை காட்டும்போது எல்லோரும் தொலைபேசியை உயர்த்திப் பிடித்தால், பின்னால் நிற்பவருக்குச் சுவாமி தெரிவதில்லை. முன்னால் நிற்பவரும் திரையைத்தான் பார்க்கின்றார். கூப்ப வேண்டிய கையில் கருவி இருக்கின்றது.

இவை எவையும் பெருஞ்செலவு வேண்டுவன அல்ல. ஒரு நூல், ஒரு பாய், ஒரு விளக்கு, படிக்க ஒருவர், பயன் சொல்ல ஒருவர், கேட்க நாலு பேர் என்ற அளவில் தொடங்கலாம். கச்சியப்ப சிவாசாரியரும் கந்தபுராணத்தை ஒரே நாளிற் பாடி முடிக்கவில்லை. நாளுக்கு நூறு பாடலாகப் பாடிக் குமரகோட்டத்து முருகன் திருவடியில் வைத்து வந்தார் என்றே மரபு கூறுகின்றது. நாள்தோறும் சிறிது என்பதே அவதானத்தை வளர்க்கும் முறையாகும்.

கையிலுள்ள கருவியை எறிந்துவிடுமாறு எவரும் கூறவில்லை. அது பேரப்பிள்ளையின் முகத்தைக் காட்டுகின்றது, தூரத்து உறவைச் சேர்க்கின்றது, பாடத்தையும் படிப்பிக்கின்றது. எப்போது எடுப்பது, எப்போது வைப்பது என்று பாவிப்பவரே தீர்மானிக்கும் வரை அது நல்ல பணியாள். அத்தீர்மானம் கைமாறிவிட்டால் பணியாள் எசமானாகிவிடுவான். மாலையில் ஆலய மணி ஒலிக்கும்போது கையிலுள்ளதை வைத்துவிட்டு எழுந்து வரும் பிள்ளையின் மனம் இன்னும் அதனுடையதாகவே இருக்கின்றது. அத்தகைய பிள்ளைகள் ஊரெங்கும் பெருகவும், புராண மண்டபங்களில் அவர்களின் குரல் ஒலிக்கவும் எல்லாம் வல்ல முருகப்பெருமான் திருவருள் பாலிப்பாராக.